அக்டோபரில் பெங்களூர்ப் பாறை ஏறலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மதுரைக்காரர், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சில மாதங்களாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகுகிறார். கூட ஏறுகிறவர்கள், "மழை முடிஞ்சாச்சு, இனிமே சீசன்தான், ராமநகரம் வா" என்று கூப்பிடுகிறார்கள். அக்டோபரில் வெளிப்பாறையில் தொடங்கலாமா, எங்கே போவது, என்ன வாங்குவது, எவ்வளவு ஆபத்து, ஊரில் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

தொடங்கலாம். ஆனால் மழை முடிந்துவிட்டது என்கிறார்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இலையுதிர் காலம்தான் பாறையேற்றத்துக்குச் சிறந்த பருவம் என்று வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. காற்று குளிர்ந்து உலர்ந்து, கை வியர்க்காமல், ஷூவின் ரப்பர் நன்றாகப் பிடிக்கும். தில்லிக்கும் ஓரளவு பொருந்தும். செப்டம்பர் கடைசியில் மழை விடைபெற்றுவிடும், அக்டோபரில் ஆரவல்லிப் பாறைகள் காய்ந்து கிடக்கும். பெங்களூர் கதை வேறு. தென்மேற்குப் பருவமழை போகிற போக்கில் ஊற்றிவிட்டுப் போகும், அது போவதற்குள் வடகிழக்கு வந்து நிற்கும். வருடத்திலேயே அதிகம் மழை பெய்யும் மாதங்கள் இங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான். ஐப்பசி அடைமழை என்பது நம் ஊருக்கு மட்டும் சொன்னதில்லை. நவம்பரில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிச் சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால், இங்கேயும் இரண்டு நாள் தூறிக்கொண்டே இருக்கும். கவலையில்லாமல் நாள் முழுக்க ஏறக்கூடிய பருவம் நவம்பர் பிற்பாதியில் தொடங்கி பிப்ரவரி வரை.

அதற்காக அக்டோபரை விட்டுவிட வேண்டாம். அக்டோபர் மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரும்பாலும் காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். ஆகவே அக்டோபரில் காலையில் மட்டும் ஏறுங்கள். ஏழு மணிக்குப் பாறையடியில் இருந்து, ஒரு மணிக்குக் கயிற்றைச் சுருட்டிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு ரூட்" என்று யாராவது இழுத்தால் வானத்தைப் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மொட்டைப் பாறையில் நிற்கக் கூடாது. சுற்றிலும் வயலும் புதரும் இருக்கும் இடத்தில் தனியாக நிமிர்ந்து நிற்கும் கருங்கல் குன்று, அதன் உச்சியில் இரும்பு மாட்டிக்கொண்டு நீங்கள். மேலே விளக்கம் தேவையில்லை.

இனி பாறையைப் பற்றி. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ராமநகரத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் குளோஸ்பேட்டை என்று பெயர். பாரி குளோஸ் என்ற அதிகாரியின் பெயரால் வந்தது. ஊர்ப் பெயர் மாறினாலும் பாறைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, புவியியலாளர்கள் இதை இன்றும் குளோஸ்பேட் கிரானைட் என்றுதான் சொல்கிறார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழத்தில் குழம்பாக இருந்து மெதுவாக இறுகியது. தெற்கு வடக்காக நீண்ட பட்டையாக ஓடுகிறது, ஹம்பியில் பார்க்கும் உருண்டைப் பாறைகளும் இதே குடும்பம்தான். மெதுவாக இறுகியதால் உள்ளே பெரிய பெரிய படிகங்கள் வளர்ந்துவிட்டன. கைவைத்துப் பார்த்தால் தெரியும், இளஞ்சிவப்பும் சாம்பலுமாக விரல் நகம் அளவுக்குக்கூட ஃபெல்ட்ஸ்பார் கட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப்போய் பாரம் குறைந்ததும், பாறை விரிந்து ஏடு ஏடாக உரியத் தொடங்கியது. அதனால்தான் நம் குன்றுகள் மொட்டைத்தலையாக, வழவழவென்று சரிந்து நிற்கின்றன. விரிசல் குறைவு, பிடிப்பதற்கு விளிம்பு குறைவு. சரிவாக விரிந்த வெறும் பாறைதான் அதிகம். ஸ்லாப் என்போம்.

உள்ளரங்கச் சுவர் உங்களுக்குக் கையைப் பழக்கியிருக்கிறது. அங்கே சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், வண்ண வண்ணமாகப் பிடிகள் இருக்கும், இழுத்து இழுத்துப் போவீர்கள். ஸ்லாபில் இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது. உடல் எடை முழுவதும் பாதத்தில்தான். சுவரில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் ராமநகரத்தில் எளிதான ரூட்டில் பாதி வழியில் நின்று கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தையல் மிஷின் மாதிரி முழங்கால் ஆடும். பயத்தில் அவர்கள் செய்வது எல்லாருக்கும் ஒன்றுதான்: பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள். நெஞ்சு பாறையில் ஒட்டினால் எடை பாதத்திலிருந்து விலகிவிடும், ரப்பர் வழுக்கும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. இடுப்பைப் பாறையிலிருந்து வெளியே தள்ளுங்கள், எடை நேராகக் கீழே இறங்கும். குதிகாலைத் தாழ்த்துங்கள். ஷூவின் முன்பக்கம் முழுவதும் பாறையில் படிய வேண்டும், விரல் நுனி மட்டும் போதாது. காலை வைக்கும் முன் இடத்தைக் கண்ணால் தேடுங்கள். ஒரு படிகம் மேடாக இருக்கலாம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு இருக்கலாம், மற்ற இடத்தைவிட இம்மி சரிவு குறைந்த ஒரு திட்டாக இருக்கலாம். கண் அந்த இடத்தைவிட்டு விலகாமல் கால் அங்கே போய் உட்காரட்டும். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது. பெரிய எட்டு வேண்டாம், சின்னச் சின்ன அடி. கையைத் தலைக்கு மேலே தூக்காமல் இடுப்பு உயரத்தில் பாறையை அழுத்திக்கொண்டு நடக்கலாம். ஏறத் தொடங்கும் முன் ஷூவின் அடியைக் கால்சட்டையில் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் பாறையடியில் சேறும் புல்லும் இருக்கும், அது ஒட்டினால் ரப்பருக்கு வேலையே இல்லை. ஒரு சின்னக் கால்மிதி கொண்டுபோனால் அதன் மேல் நின்று ஷூ மாட்டிக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரானைட் நனைந்தால் பலம் இழப்பதில்லை, பிடிமானத்தை இழக்கும். மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். மழைநீர் வழிந்து வழிந்து பாசி படிந்த தடம் அது. காய்ந்திருந்தால் சில நேரம் நன்றாகவே பிடிக்கும். ஈரம் லேசாக இருந்தாலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரைதான். நல்ல வெயில் அடித்தால் மற்ற இடங்கள் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அந்தக் கோடுகளில் மட்டும் கசிவு நாள் கணக்கில் இருக்கும். வட கர்நாடகத்தின் பாதாமி வேறு வகை. அது மணற்கல், நனைந்தால் உள்ளே உறுதியே குறையும், பிடித்த பிடி கையோடு வரும். அங்கே மழை பெய்தால் மேலே உலர்ந்ததாகத் தெரிந்தாலும் ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் ஏறுவது என்பதையும் மாதம்தான் தீர்மானிக்கும். செப்டம்பர் இறுதியிலிருந்து சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அக்டோபரில் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த பாறை முகங்களுக்குப் போங்கள், காலை வெயிலில் முதலில் காய்பவை அவைதான். டிசம்பர் ஜனவரியில் மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது வடக்கு முகத்தில் நாள் முழுக்க நிழல், தெற்கு முகத்தில் பதினொரு மணிக்குப் பாதம் பொரியும். குளிர்காலம் என்று நாம் சொன்னாலும் கிரானைட்டுக்கு அது தெரியாது.

சரி, எங்கே போவது? முதல் சீசனுக்கு ராமநகரம் போதும். மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் ராமநகரம் என்றதும் எல்லாரும் நினைக்கும் ராமதேவர பெட்டாவுக்குக் கயிற்றோடு போக வேண்டாம். 'ஷோலே' எடுத்த குன்றுகள் அந்தப் பக்கம்தான், அந்த ஆசை புரிகிறது. 2012-இல் அதைக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். சரியாகச் சொன்னால் பிணந்தின்னிக் கழுகு, பாறு. நீண்ட அலகுப் பாறு கூடு கட்டுவது செங்குத்துப் பாறையின் விளிம்புகளில், அதுவும் நாம் ஏறத் துடிக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து இறந்த மாட்டின் உடல்வழியாகப் போய் இந்தப் பறவைகளை இந்தியா முழுக்கக் கொன்று தீர்த்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தும் இன்னும் எண்ணிக்கை தேறவில்லை. ராமநகரத்தில் மிச்சமிருப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான். சுற்றுவட்டாரத்தில் வேறு குன்றுகளுக்கா பஞ்சம்? ஹந்தி குந்தி பெட்டா பக்கமெல்லாம் தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற சரிவுகள் உண்டு.

சாவனதுர்கா மாகடிக்குப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர், ஆசியாவின் மிகப் பெரிய ஒற்றைக்கல் மலைகளில் ஒன்று என்பார்கள். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள். மஞ்சனபெலே அணைப் பக்கமிருந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும். அங்கே கயிறு கயிறாகப் பல கட்டங்களில் ஏறும் நீண்ட ரூட்கள் இருக்கின்றன. இரண்டாம் சீசனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணம், கயிற்றை மாட்டப் பாறையில் அடிக்கும் போல்ட்டுகள் அங்கே தூரம் தூரமாக இருக்கும். கடைசி போல்ட்டுக்கு ஐந்து மீட்டர் மேலே கால் வழுக்கினால் கயிறு இறுகுவதற்குள் பத்து மீட்டருக்கு மேல் சறுக்குவீர்கள். செங்குத்துச் சுவரில் விழுந்தால் காற்றில் தொங்குவோம். ஸ்லாபில் விழுந்தால் தேங்காய்த்துருவியில் தேய்த்த கதைதான். அதனால் கிரேடு எண்ணைப் பார்த்து "இது சுலபம்" என்று முடிவுசெய்யாதீர்கள். அசைவு எவ்வளவு கடினம் என்பதைத்தான் அந்த எண் சொல்லும், விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

நகரத்துக்குள்ளேயே துரஹள்ளி இருக்கிறது, கனகபுரா சாலைப் பக்கம், கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் பழக அருமையான இடம். வனத்துறைக்குச் சொந்தமானது. அனுமதி நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள். வடக்கே தேவனஹள்ளி பக்கம் ஆவதி. ஹம்பி, பாதாமி எல்லாம் டிசம்பரில், லீவு போட்டுக்கொண்டு. ஹம்பியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் பக்கத்தில் ஏறாதீர்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனேகுந்தி, சானாப்பூர் பகுதியில்தான் ஏறுகிறவர்கள் தங்குவார்கள்.

போக்குவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பைக் வைத்திருந்தால் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் போக முடியாது, 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வாகனங்களுக்குத் தடை. சர்வீஸ் ரோடுதான். மைசூர் ரயில் ராமநகரத்தில் நிற்கும், காலை ரயில் பிடித்தால் நிம்மதி. சாலை வழியென்றால் பிடதியில் தட்டே இட்லி சாப்பிட வண்டி தானாக நிற்கும், அதைத் தடுக்க நான் யார். ஆனால் தசரா வார இறுதியில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். மொத்த பெங்களூரும் மைசூருக்குப் போகும்.

என்ன வாங்குவது? இப்போதைக்கு ஷூ, ஹெல்மெட், இடுப்பில் கட்டும் ஹார்னஸ். அவ்வளவுதான். கயிறும் மற்ற இரும்புச் சாமான்களும் கூட்டிப்போகிற குழுவிடம் இருக்கும், இருக்க வேண்டும். சுவரில் ஏற நீங்கள் வாங்கிய ஷூ விரல்களை மடக்கி இறுக்குவதாக இருந்தால் ஸ்லாபுக்கு உதவாது. பாதம் தட்டையாக நிற்கக்கூடிய, மெத்தென்ற ஷூ வேண்டும். ஹெல்மெட்டைப் பற்றி யாராவது கேலி செய்தால் அந்தக் குழுவையே மாற்றுங்கள். மழைக்குப் பிறகு பாறை ஏடுகள் தளர்ந்திருக்கும், மேலே ஆடு ஒன்று நடந்தாலே கல் உருளும். ஏடு போலத் தெரிவதைப் பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பானையைத் தட்டினது போல 'டொப்' என்றால் இழுக்காதீர்கள்.

கயிறு விஷயத்தில் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பாறையேற்றக் கயிறு நீளும் கயிறு, விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கட்டுமான வேலைக்கும் மீட்பு வேலைக்கும் விற்கும் நீளாத கயிறு பார்க்க அதே மாதிரி இருக்கும். மேலிருந்து இறங்க அது ஆகும், முன்னேறிப் போகிறவர் விழுந்தால் அவருடைய முதுகெலும்புதான் நீள வேண்டும். அதேபோலக் கராபினரில், அதாவது கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியில், அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்துப் பழகுங்கள். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்குக் குறையாமல் தாங்கும், குறுக்கே திரும்பிவிட்டால் 7 அளவுக்குத்தான் உத்தரவாதம். சாவிக்கொத்தில் மாட்டும் கராபினர் எதையும் தாங்காது.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டீர்கள். ஏறும்போது விழுவதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். டாப் ரோப்பில், அதாவது கயிறு மேலே ஆங்கரில் (பாறையில் பொருத்திய பிடிப்பில்) போய்த் திரும்பி வரும் ஏற்பாட்டில், அது அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நான் அதிகம் அஞ்சுவது இறங்குவதைத்தான். ஏறி முடித்த சந்தோஷம், பேச்சு, செல்ஃபி, கவனம் சிதறும் நேரம் அது. கயிறு 60 மீட்டர் என்றால் மடித்துப் போட்டதும் பாதி, அதாவது 30 மீட்டர் உயரத்திலிருந்துதான் ஒருவரை இறக்க முடியும். ரூட் 33 மீட்டராக இருந்தால்? கீழே பிலே பிடிப்பவர், அதாவது கயிற்றை ஒரு கருவிக்குள் விட்டுப் பிடித்திருப்பவர், மேலே பார்த்துக்கொண்டே கயிற்றை விடுவார், கயிற்றின் நுனி கருவிக்குள் புகுந்து வெளியே போய்விடும். கடைசி மூன்று மீட்டர் அல்ல, கயிறு கழன்ற இடத்திலிருந்து மிச்சம் இருக்கும் உயரம் முழுவதும் விழ வேண்டியதுதான். உலகம் முழுக்க நடக்கும் விபத்து இது, அனுபவசாலிகளுக்கே நடக்கிறது. மருந்து ஒரு முடிச்சு. கயிற்றின் மறுநுனியில் பெரிய முடிச்சாகப் போட்டுவிட்டால் அது கருவியில் வந்து முட்டி நிற்கும். அரை நிமிட வேலை.

ஏறுவதற்கு முன் ஒருவரை ஒருவர் சரிபார்ப்பதும் அப்படித்தான். "ஓகேவா?" "ஓகே" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. கைவைத்துப் பாருங்கள். ஏறுபவரின் எட்டு முடிச்சு ஹார்னஸின் இரண்டு வளையங்களிலும் நுழைந்திருக்கிறதா, முடிச்சின் இழைகள் ஜோடி ஜோடியாக ஓடுகின்றனவா, வால் ஒரு சாண் இருக்கிறதா, இடுப்பு பக்கிள் இறுகியிருக்கிறதா. பிடிப்பவரின் கராபினர் பூட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். மேலே போல்ட் துருப்பிடித்திருந்தாலோ, விரலால் தொட்டதும் தகடு ஆடினாலோ அதை நம்பாதீர்கள். இந்தப் பக்கத்து ஆங்கர்களில் பல பழையவை. எதைப் பார்க்கிறார்கள் என்று உங்களைக் கூட்டிப்போகிறவர்களிடம் கேளுங்கள். எரிச்சல்படாமல் விளக்கினால் நல்ல குழு.

அடுத்தது தேனீ. இதை நகரத்துக்காரர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ராமநகரம், சாவனதுர்கா இரண்டிலும் உண்மையான ஆபத்து இது. பாறையின் வெளிப்புற நெற்றிகளுக்கு அடியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு அரைவட்டமாக, கறுப்பாகக் கூடு தொங்கும். மலைத்தேனீ. கூட்டின் மேல் தேனீக்கள் போர்வை போல அடுக்கி உட்கார்ந்திருக்கும், அவ்வப்போது அதில் மினுமினுவென்று அலை ஓடும். அழகுதான், தூரத்திலிருந்து. மழைக்குப் பிறகு காட்டில் பூக்கும் நேரத்தில் புதிய கூடுகள் வரும், போன மாதம் வெறுமையாக இருந்த பாறையில் இந்த மாதம் கூடு இருக்கலாம். ஏறும் முன் பாறை முகம் முழுவதையும் கண்ணால் மேய்ந்துவிடுங்கள். பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் இருந்தால் "ஜேனு இதெயா?" என்று கேளுங்கள். இரண்டு கன்னடச் சொல் போதும், கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். சென்ட் அடிக்காதீர்கள், புகை வேண்டாம், கத்த வேண்டாம், டிரோன் வேண்டவே வேண்டாம்.

ஒரு தேனீ கொட்டினால் வாழைப்பழ வாசம் மாதிரி ஒரு வேதிப்பொருளை விடும், மற்றவை அதை மோப்பம் பிடித்து அதே இடத்துக்கு வரும். அடித்து விரட்டுவதால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். கயிற்றில் இருந்தால் உடனே இறங்குங்கள், கீழே இருந்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள், தண்ணீரில் குதிக்க வேண்டாம். கொடுக்கை எப்படியாவது சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். உங்களுக்குத் தேனீ ஒவ்வாமை இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் பேசாமல் வராதீர்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் 108-க்குப் போன், தாமதமே கூடாது. மற்றபடி கரடி உண்டு, இருட்டும் முன் இறங்கினால் பெரும்பாலும் சந்திக்க மாட்டீர்கள். மழையில் வளர்ந்த புல்லில் பாம்பு இருக்கும், பாதையைப் பார்த்து நடந்தால் போதும்.

யாரிடம் கற்றுக்கொள்வது என்பதற்கு: கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா தேசிய சாகசப் பயிற்சி நிறுவனம் பெங்களூரிலேயே இருக்கிறது, பாறையேற்றப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறார்கள். தனியார் குழுக்களும் இருக்கின்றன. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். முப்பது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் கயிற்றில் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பும் "அட்வென்ச்சர் பேக்கேஜ்" உங்களுக்கு வேண்டாம். பயிற்றுநர் வேகமாக ஏறுகிறாரா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறே இல்லாமல் ஏறும் ஜோதி ராஜ், பிறப்பால் தமிழ்நாட்டுக்காரர்தான், அவருடைய வீடியோவை நானும் வாய்பிளந்து பார்ப்பேன். பார்ப்பதோடு சரி.

முதல் சீசன் முழுக்க டாப் ரோப்பிலேயே இருங்கள் என்பது என் கருத்து. இரண்டு மூன்று எளிய சரிவுகளில் திரும்பத் திரும்ப ஏறுங்கள். கை வைக்காமல் ஏறிப் பாருங்கள், ஏறிய வழியிலேயே காலால் இறங்கிப் பாருங்கள். பிலே பிடிப்பதையும் ஆங்கர் கட்டுவதையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்கள் லீட் ஏறி (மேலிருந்து வரும் கயிறு இல்லாமல் முன்னால் ஏறி) ரீல்ஸ் போடுவார்கள், போடட்டும். ஜனவரியில் கால் பாறையை நம்பத் தொடங்கியிருக்கும், அப்போது லீட் பற்றிப் பேசலாம்.

கடைசியாக அம்மா. மறைக்காதீர்கள். ஏதாவது ஆனால் மருத்துவமனையிலிருந்து முதல் போன் அவருக்குத்தான் போகும், அப்போது முதன்முதலாகக் கேள்விப்படுவது கொடுமை. "மலையேறப் போறேன்" என்றால் பழனி, பர்வதமலை என்று நினைத்துக்கொள்வார், அதோடு விடாமல் கயிறும் ஹெல்மெட்டும் போட்ட ஒரு படத்தைக் காட்டிவிடுங்கள். கிளம்பும்போது எந்தக் குன்று, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று பெங்களூரில் இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் அனுப்புங்கள், அம்மாவுக்கு இல்லை, அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்.

அப்புறம், கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டுத் தாளை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். சாகச விளையாட்டு விலக்கில் பாறையேற்றத்தின் பெயரே இருக்கும். நாமே தனியாக வாங்கும் வழக்கமான பாலிசிகளில் அது தொழில்முறையாக ஏறுபவர்களுக்கு மட்டுமான விலக்கு. குழுக் காப்பீட்டிலும் தனி விபத்துக் காப்பீட்டிலும் வாசகம் வேறாக இருக்கலாம். எச்.ஆருக்கு மெயில் போட்டு, பொழுதுபோக்காக ஏறி அடிபட்டால் பணம் கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதற்கடுத்த சனிக்கிழமை கிளம்புங்கள்.